ஆறாவது அளவு

மழை அக்கா இறந்து பன்னிரண்டாம் நாள் அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியது வளிமண்டலப் பெரும்போக்கு ஆணையம்.

"தாங்கள் கடந்த பதினொரு நாட்களாக மழை அளவை அனுப்பவில்லை. விடுப்பு விண்ணப்பமும் வந்து சேரவில்லை. ஏழு நாட்களுக்குள் நேரில் வந்து விளக்கம் அளிக்கத் தவறினால், தாங்கள் சொல்வதற்கு ஏதுமில்லை என்று கருதப்படும்."

கடைசி வரியை நான் மூன்று முறை படித்தேன். அலுவலகக் கடிதங்களில் உண்மை எப்போதாவதுதான் வரும். வரும்போது இப்படித்தான், எழுதியவருக்கே தெரியாமல் வந்துவிடும்.

கடிதம் என் கையில் கிடைத்ததற்குக் காரணம், மழை அக்காவின் வீடு என் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. நான் இரும்புச் சாமான் வியாபாரி. ஆணி, கம்பி, பூட்டு, கொண்டி. என் குடும்பத்தில் பேரம் பேசாதவர்களுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். என் பெரியப்பா மருந்தைக்கூடப் பேரம் பேசித்தான் குடிப்பார். டாக்டர் மூன்று வேளை என்றால் இரண்டு வேளைக்கு முடித்துக்கொண்டு வருவார்.

மாடியில் இருந்தவர் எனக்கு நேர் எதிர். தராசு பழுது பார்ப்பவர். சந்தையில் பொய் சொல்லப் பழகிய தராசுகள் எல்லாம் அவரிடம் வந்து ஒருநாள் தங்கி, திருந்திப் போகும். அவர் மனைவிதான் மழை அக்கா. ஆணையத்தின் 'தன்னார்வப் பார்வையாளர்', பத்தொன்பது வருடங்களாக. கால்வாய்க் கரையில், பம்பு அறைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் ஒரு தகரப் பாத்திரம் நட்டு வைத்திருந்தார்கள். தினமும் காலை எட்டரைக்கு அவள் அங்கே போவாள். பாத்திரத்தில் சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடி அளவுக் குவளையில் ஊற்றி, குவளையைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, எத்தனை மில்லிமீட்டர் என்று பதிவேட்டில் எழுதுவாள். மழை இல்லாத நாளிலும் போய்ப் பார்த்துத்தான் சுழி போடுவாள்.

"வெயில் கொளுத்துது. வீட்டுலேருந்தே சுழி போட வேண்டியதுதானே அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பார்க்காம போட்டா அது சுழி இல்லடா, பொய்," என்றாள். புருஷனுக்கேற்ற பெண்டாட்டி.

அவள் இறந்த அன்று காலை ஏழு மணிக்குப் பிடித்த மழை விடவே இல்லை. வழக்கமான எட்டரையோடு அவள் வேலை முடியவில்லை. பாத்திரம் நிரம்பி வழிந்தால் அன்றைய அளவு செல்லாது என்பது ஆணையத்தின் விதி. ஆகவே நிரம்புவதற்கு முன்பே போய், அளந்து, காலி செய்துவிட்டு வர வேண்டும். முதல் தடவை எட்டரைக்குப் போனாள். இரண்டாவது, பத்தரைக்கு. பதிவேடு நனைந்து கூழாகிவிட்டதால், என்னிடம் தச்சர் பென்சில் ஒன்று வாங்கி, முதல் அளவையும் சேர்த்து மாடிப்படிச் சுவரிலேயே எழுத ஆரம்பித்தாள். மூன்றாவது தடவை இறங்கியபோது தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர். நான் ஆணிப் பெட்டிகளை மேல் தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒரு தடவை போகாம இருந்தா என்ன குடி முழுகிடும்? கொஞ்சம் குறைச்சலா ஒரு நம்பரைப் போட்டுட்டு உள்ள போய் உட்காருங்க."

"குறைச்சா தப்பாயிடும் தம்பி. இது உன் கடை விலை இல்ல."

ஐந்தாவது தடவை வந்து எழுதிவிட்டு, படியில் நின்று யாருக்கோ போன் பேசினாள். பிறகு மழைக்கோட்டின் தொப்பியை மறுபடி இழுத்துப் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

"இன்னுமா?" என்றேன்.

"ஒரே ஒரு தடவை," என்றாள்.

கால்வாய்க் கரை உடைந்தது இரண்டே முக்காலுக்கு. மறுநாள் மதகுக் கம்பியில் அவளைக் கண்டெடுத்தார்கள். மழைக்கோட்டுக்குள், நெஞ்சோடு அணைத்தபடி, அந்தக் கண்ணாடிக் குவளை இருந்தது. கீறல்கூட இல்லை. தராசுக்காரர் அன்று முழுக்க ஊரின் மறுபக்கச் சந்தையில் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது படிச்சுவரில் ஐந்து எண்கள் மட்டும் இருந்தன: 96, 98, 91, 88, 39. பக்கத்தில் நேரம். கூட்டிப் பார்த்தால் நானூற்றுப் பன்னிரண்டு.

கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "போகணும் தம்பி. விளக்கம் கேட்டிருக்காங்க," என்றார். அவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் கூடப் போனேன்.

ஆணையம் ஒன்பது மாடிக் கட்டடம். வாசலில் 'காற்றுக்கு வேலி இல்லை' என்று பித்தளையில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே வேலி, கதவு, காவலாளி. இரண்டாம் மாடியில் பதிவுப் பிரிவு எழுத்தர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"அந்தம்மா வரலையா?"

"இறந்துட்டா."

"எப்போ?"

"நீங்க போட்டிருக்கற பதினோரு நாளோட முதல் நாளுக்கு முந்தின நாள்."

எழுத்தர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது. "அடடா. அப்போ இது விடுப்புல வராது. இனிமே வரவே மாட்டாங்கன்னா விலகல்தான். அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே எழுதிக் கொடுத்திருக்கணுமே. சொல்லாம கொள்ளாம விலகினா கோப்பை மூட முடியாது சார்."

"ஒரு மாசம் முன்னாடி அவளுக்குத் தெரியாதே சார்."

"அதை விளக்கத்துல எழுதுங்க. 'முன்கூட்டித் தெரியவில்லை'ன்னு. ஏத்துப்பாங்க. இங்க எல்லாரும் அப்படித்தான் எழுதறோம்."

தராசுக்காரர் எழுதினார். பிறகு சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். சுவரில் இருந்ததை வரி வரியாகப் பார்த்து எழுதியது. "அன்னைக்கு அளவு. கொடுக்காம போயிட்டா."

எழுத்தர் எண்ணைத் தட்டினார். கணினி சிவப்பாகிக் கத்தியது. மறுபடி தட்டினார். மறுபடி கத்தியது. "ஏத்துக்க மாட்டேங்குது சார். 'நிகழ வாய்ப்பில்லாதது'ன்னு வருது." திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்தத் தேதிக்கு நேரே ஏற்கெனவே ஒரு குறிப்பு இருந்தது: பார்வையாளர் பிழை.

தராசுக்காரர் அந்த இரண்டு சொற்களையும் வெகுநேரம் பார்த்தார். வீட்டில் செத்தவளைக் கொண்டுவந்து கிடத்தியபோதுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை.

"இதை எடுக்கணும்," என்றார். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அவ தப்பா அளந்தான்னு இருக்கக் கூடாது."

"அதுக்கு ஏற்புக் குழு இருக்கு. எட்டாவது மாடி. ஆனா இன்னைக்கு எல்லாரும் விழாவுல இருக்காங்க. நீங்களும் போய் உட்காருங்களேன். ஆளில்லாம தவிக்கறாங்க."

விழா மூன்றாம் மாடி அரங்கத்தில். எங்கள் தெருவை மூழ்கடித்த அந்த மழைக்குக் காரணமான வளிமண்டலப் பெரும்போக்கை ஆணையம் பதினொரு நாள் முன்னதாகவே துல்லியமாகக் கணித்ததற்குப் பாராட்டு விழா. வாசலில் நின்ற பெண் நாங்கள் எந்தத் தெரு என்று விசாரித்தாள். சொன்னதும் முகம் மலர்ந்து, எங்கள் சட்டையில் ஆளுக்கொரு வில்லையைக் குத்தி முதல் வரிசையில் உட்கார வைத்தாள். வில்லையில் 'பயனாளி' என்று இருந்தது.

இயக்குநர் பேச எழுந்தார். பின்னால் திரையில் பூமிப்பந்து சிவப்பும் நீலமுமாகச் சுழன்றது.

"நண்பர்களே, சாதாரண மனுஷன் என்ன நினைக்கறான்? மேகம் வந்துச்சு, மழை பெஞ்சுதுன்னு நினைக்கறான். அது அப்படி இல்ல. வடக்கே ஒரு உயர் அழுத்தம் வந்து நகராம உட்கார்ந்துடுச்சு. அதனால மேலே ஓடற பெருங்காற்று நேரா போக முடியாம வளைஞ்சு நின்னுடுச்சு. எங்கேயோ ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால கடல் வழக்கத்தைவிட ஒன்றரை டிகிரி சூடு. அங்கேருந்து ஈரம் கிளம்பி, ஒரே வழியா, ஒரே இடத்துக்கு, ஓயாம வந்துக்கிட்டே இருந்துச்சு. எவ்வளவு அழகான போக்கு! என் முப்பது வருஷ அனுபவத்துல இவ்வளவு அழகா ஒண்ணு நின்னு நான் பார்த்ததில்ல!"

கைதட்டல். எனக்கு என் தொழில் கணக்கில் விளங்கியது: நெடுஞ்சாலையில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது, பின்னால் வந்த சரக்கையெல்லாம் எங்கள் தெருவிலேயே இறக்கிவிட்டார்கள்.

தராசுக்காரர் கையைத் தூக்கினார். பயனாளி கை தூக்கியதில் இயக்குநருக்கு ஒரே சந்தோஷம்.

"இது நிக்கப் போகுதுன்னு பதினோரு நாள் முன்னாடியே தெரியுமாங்க?"

"தெரியும்!" என்றார் இயக்குநர், நெஞ்சை நிமிர்த்தி.

"எங்களுக்குச் சொல்லலையே."

"சொன்னோமே! நாற்பத்திரண்டு பக்க அறிக்கை. இருபத்தொன்பதாம் பக்கத்துல இருக்கு: 'இப்பகுதியில் ஈரம் குவிவதற்குச் சாதகமான சூழல் நிலவுகிறது.' படிக்கலையா?"

"யாருக்குச் சாதகம்?" என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்.

"ஈரத்துக்கு," என்றார் அவர் பொறுமையாக. "பாருங்க, நாங்க பெரும்போக்கைத்தான் பார்க்கறோம். தெருவைப் பார்க்கறது எங்க வேலை இல்ல. நாங்க உலகத்தைச் சதுரம் சதுரமாப் பிரிச்சிருக்கோம். உங்க ஊர், பக்கத்து ஊர், நடுவுல இருக்கற மலை, எல்லாம் சேர்ந்து ஒரு சதுரம். அந்தச் சதுரத்துக்குத் தொண்ணூறு மில்லிமீட்டர்னு சொன்னோம். செயற்கைக்கோள் காட்டின சராசரி எண்பத்தொன்பது! இதைவிட என்ன வேணும்?"

மீண்டும் கைதட்டல். பக்கத்து ஊரில் அன்று தூறல்தான். மலைக்குப் பின்னால் அதுவும் இல்லை. அவர்களுக்கு வராத மழையும் எங்களுக்கு வந்த மழையும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு எண்பத்தொன்பதாகியிருந்தன. இப்படிச் சரக்கைக் கலந்து விற்றால் எங்கள் சந்தையில் கடையைச் சாத்தச் சொல்லிவிடுவார்கள்.

விழா முடிந்து மாலை நான்கு மணிக்கு எட்டாம் மாடியில் ஏற்புக் குழு கூடியது. நீள மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர்: தலைவர், தர அதிகாரி, கணினி நிபுணர். எங்கள் வில்லைகளைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும்.

தலைவர் நல்ல மனிதர். ஒளித்துப் பேசத் தெரியாதவர். "ஐயா, உங்க இழப்புக்கு வருந்தறோம். இப்போ விஷயத்துக்கு வருவோம். எங்க கணிப்புக்கு நூத்துக்குத் தொண்ணூத்தேழு மதிப்பெண் வந்திருக்கு. இந்த நானூத்திப் பன்னெண்டை ஏத்துக்கிட்டா அது அறுபத்தொண்ணுக்கு இறங்கிடும். அறுபத்தொண்ணுக்கு யாராவது விழா எடுப்பாங்களா? எடுத்து முடிச்சுட்டோமே!"

"மழை பெஞ்சுது சார்," என்றார் தராசுக்காரர்.

"பெஞ்சிருக்கலாம். மறுக்கல. எவ்வளவுங்கறதுதான் கேள்வி. தொண்ணூறுன்னு போடுவோம். பிழைங்கற வார்த்தையும் போயிடும். அம்மாவுக்கும் கௌரவம், எங்களுக்கும் கௌரவம்."

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். எதிரே உட்கார்ந்திருப்பவன் ஒரு எண்ணைச் சொன்னால் என் நாக்கு தானாக எழுந்துகொள்ளும். பிறந்ததிலிருந்து பழக்கம்.

"தொண்ணூறா? சார், முதல் தடவையே தொண்ணூத்தாறு இருக்கு. அதுக்குக் கீழே பேச்சே கிடையாது. முன்னூறு போடுங்க, எழுந்து போயிடறோம்."

"முன்னூறா! கணினி வெடிச்சுடும். நூத்திருபது."

"நூத்திருபதுக்கு எங்க தெருவுல சாக்கடைகூட நிரம்பாது. இருநூத்தம்பது."

"நூத்தம்பது. இதுவே அதிகம்."

"சார், பத்தொன்பது வருஷம் சேவை. அதுக்காவது ஒரு அம்பது ஏத்துங்க."

கணினி நிபுணர் எதையோ தட்டிப் பார்த்துவிட்டுத் தலைவர் காதில் சொன்னார். தலைவர் முகம் தெளிந்தது. "இதோ பாருங்க, நியாயமா ஒரு வழி. அஞ்சு அளவு இருக்கு. முதல் ரெண்டையும் ஏத்துக்கறோம். தொண்ணூத்தாறு, தொண்ணூத்தெட்டு. மொத்தம் நூத்தித் தொண்ணூத்தி நாலு. மதிப்பெண் தொண்ணூறுல நிக்கும். மீதி மூணு எடுக்கவே இல்லைன்னு வெச்சுப்போம்."

முடிந்தது என்று மேசையைத் தட்டினேன். நல்ல பேரம் முடிந்ததும் உள்ளங்கையில் ஒரு சூடு வரும், அதுகூட வந்தது. வெட்கம்கெட்ட கை. திரும்பிப் பார்த்தேன். தராசுக்காரர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது, பத்தரைக்கு எடுத்தது," என்றார் மெதுவாக.

"சரி."

"அதுக்கப்புறம் அவ போகல. அப்படித்தானே?"

"பதிவுப்படி, போகல."

"அப்போ பத்தரைக்கே வீட்டுக்கு வந்துட்டா."

"பதிவுப்படி, ஆமா."

"அப்புறம் எங்க சார் போனா?"

தலைவர் மற்ற இருவரையும் பார்த்தார். "அது எங்க பிரிவுல வராதுங்க."

"இல்ல, நீங்க எழுதிக் கொடுத்துட்டா நான் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பேன். பத்தரைக்கே வந்திருந்தா, இருக்கணுமே. அதான் கேட்டேன்."

அவர் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் செய்யத் தெரிந்த ஆள் இல்லை அவர். இரண்டு தட்டும் சமமாக வராவிட்டால் எங்கே தட்டுகிறது என்று தேடும் மனிதர், தேடிக்கொண்டிருந்தார்.

தர அதிகாரிக்கு அது குற்றச்சாட்டாகப் பட்டிருக்க வேண்டும். இதுவரை வாயைத் திறக்காதவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்.

"ஐயா, நாங்க ஏதோ கண்ணை மூடிக்கிட்டுத் தள்ளிட்டோம்னு நினைக்காதீங்க. அன்னைக்கு ரெண்டு இருபதுக்கு அந்தம்மா இங்க போன் பண்ணினாங்க. மத்தவங்க எல்லாம் போக்கு நிக்கறதைப் பார்க்கத் திரை முன்னாடி இருந்தாங்க, நான்தான் எடுத்தேன். நானூத்திப் பன்னெண்டுன்னாங்க. 'எங்க சதுரத்துல தொண்ணூறுதான்மா, எங்கேயோ தப்பு பண்ணியிருக்கீங்க, மறுபடி போய் அளந்துட்டு வாங்க'ன்னு மரியாதையாத்தான் சொன்னேன். அதுக்கப்புறம் அவங்க கூப்பிடவே இல்ல. அளவு சரியா இருந்திருந்தா கூப்பிட்டுச் சொல்லியிருப்பாங்களே? அதனாலதான் பிழைன்னு போட்டோம்."

ஒரே ஒரு தடவை என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிய படி என் கண்முன் வந்தது.

தராசுக்காரர் கேட்டார். "அவ என்ன சொன்னா?"

"யாரு?"

"போன்ல. நீங்க மறுபடி போகச் சொன்னப்போ."

தர அதிகாரி யோசித்தார். ஞாபகசக்தி உள்ளவர். "'பாத்திரத்தை இப்பத்தான் காலி பண்ணினேன் சார், மறுபடி போனா புதுசா பெஞ்சதுதான் இருக்கும்'னாங்க. பரவாயில்ல, விதிப்படி ஒரு தடவை பார்த்துடுங்கன்னேன். 'சரிங்க சார், பார்க்காம சொல்லக் கூடாது'ன்னு வெச்சுட்டாங்க."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை?"

"அவ சொன்னதை."

அவர் சொன்னார். வார்த்தை பிசகாமல், ஒரு அறிக்கை வாசிப்பதுபோல. தராசுக்காரர் தலையைச் சற்றுச் சாய்த்து, தட்டின் ஓசையைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டார். அதிகாரி முடித்ததும், "ரொம்ப நன்றிங்க," என்று எழுந்தார்.

"அப்போ நூத்தித் தொண்ணூத்தி நாலு முடிவுதானே?" என்று தலைவர் என்னைப் பார்த்துக் கேட்டார். பேரம் பேசினவன் நான்தானே.

என் வாழ்க்கையில் பேரத்தின் நடுவே எழுந்து வந்தது அந்த ஒரு தடவைதான். குறைச்சா தப்பாயிடும் தம்பி என்று அவள் என்னிடம்தான் சொல்லியிருந்தாள்.

ஒரு மாதம் கழித்து இன்னொரு கடிதம், அதுவும் அவள் பெயருக்கே. "தங்கள் விளக்கம் கனிவுடன் ஏற்கப்பட்டது. 'பார்வையாளர் பிழை' என்னும் குறிப்பு நீக்கப்பட்டு, தங்கள் நிலையத்தின் அளவு 194 எனப் பதியப்பட்டுள்ளது. வெள்ள அபாயச் சங்கு ஒலிக்க வேண்டிய மழை அளவு இதனடிப்படையில் அமைக்கப்படும். புதிய பாத்திரம் பொருத்தப்பட்டுள்ளதால் தாங்கள் உடனே பணியைத் தொடரவும். இனிமேல் கூடுதல் கவனத்துடன் இருக்கும்படி அறிவுறுத்தப்படுகிறது."

நான் அதைக் கிழிக்கப் போனேன். அவர் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை எட்டரைக்கு, கண்ணாடிக் குவளையோடு அவர் படியிறங்குவதைப் பார்த்தேன். சுள்ளென்று வெயில். கால்வாயில் தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை. பத்து நிமிடத்தில் திரும்பிவரலாம். முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். கடை போனிலிருந்து ஆணையத்துக்குச் சுழி என்று சொன்னார். அந்தப்பக்கக் குரல் எனக்கே கேட்டது: "ரொம்பச் சரி சார்! எங்க சதுரத்தோட அப்படியே பொருந்துது."

வீட்டுக்காரர் வெள்ளப் பழுதுக்காக மாடிப்படிச் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தபோது, ஒரு முழ அகலத்துக்கு மட்டும் அடிக்க விடாமல் தராசுக்காரர் குறுக்கே நின்றுகொண்டார். அந்த எண்கள் அப்படியே இருக்கின்றன. ஐந்தின் மேலும் தச்சர் பென்சிலால் மறுபடி அழுத்தி எழுதியிருக்கிறார். முப்பத்தொன்பதுக்குக் கீழே ஒரு வரிக்கு இடம். அதற்கும் கீழே கூட்டல் கோடு. கோட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"நானூத்திப் பன்னெண்டுன்னு போட்டுடலாமேண்ணே," என்றேன். "அவங்க போடலைன்னா என்ன? நம்ம சுவர்தானே."

குவளையைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அது குறைச்சல் தம்பி. ஆறாவது அளவு இன்னும் வரல."